வேலையை விட்டு வெளிநாடு: சுற்றவா, தங்கவா, சம்பாதிக்கவா?

சென்னையில் ஒருவர் நல்ல வேலையை விட்டுவிட்டு வெளிநாடு கிளம்புகிறேன் என்றால், சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க எவ்வளவு சம்பளம்?" சம்பளத்துக்காகப் போகவில்லை, கொஞ்ச காலம் ஊர் உலகம் பார்த்துவிட்டுப் பிடித்த இடத்தில் தங்கிப் பார்க்கப் போகிறேன் என்று பதில் வந்தால், பேச்சு உடனே தைரியத்தின் பக்கம் திரும்பிவிடும். சித்தப்பா "உனக்கு ரொம்ப தைரியம்டா" என்பார். மாமா அதையே திமிர் என்பார். இந்த முடிவில் தைரியத்துக்கு உள்ள பங்கு சின்னது என்றே நான் நினைக்கிறேன். திட்டங்கள் சறுக்குவது வேறு இடத்தில். சுற்றிப் பார்ப்பது, அங்கே தங்குவது, அங்கிருந்து சம்பாதிப்பது என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். விசா கொடுக்கும் தூதரகமும், நம் வங்கியும், வருமான வரித் துறையும் இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கின்றன.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை அறிமுகமானதே, கம்பெனியே வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஆன்சைட் வழியாக. விசாவுக்கு விண்ணப்பித்தது கம்பெனி, டிக்கெட் போட்டது கம்பெனி, காப்பீடு எடுத்தது கம்பெனி, முதல் சில நாள் தங்க இடம் பார்த்ததும் கம்பெனி. அப்படி ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவருக்கு வெளிநாட்டில் வாழ்வது எளிது என்று தோன்றுவது இயல்பு. அடுத்த முறை தனியாகக் கிளம்பும்போதுதான், அன்றைக்கு நமக்காக யார் யாரோ எத்தனை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

பழைய பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. "அரைக்காசு சம்பளமானாலும் அரசாங்கச் சம்பளம்" என்று சொன்ன அதே ஊர்தான் "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்றும் சொன்னது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன செட்டிநாட்டு வணிகர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன உழைப்பாளிகள், பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள், அமெரிக்காவுக்குப் போனவர்கள் எல்லோருமே பிழைப்பைத் தேடிப் போனவர்கள். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதற்காக 1930-களின் இறுதியில் உலகத்தைச் சுற்றிவந்த ஏ.கே. செட்டியார் மாதிரி ஆட்கள் அபூர்வம். உலகம் பார்ப்பதற்கென்றே போவதற்கு நம் வீடுகளில் முன்மாதிரி குறைவு. அதனால்தான் கேட்பவருக்கும் புரிவதில்லை, போகிறவருக்கும் விளக்கத் தெரிவதில்லை.

சரி, விட்டுவிட்டுப் போகும் அந்த வேலையில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

அரசு வேலையில் முதலில் பார்க்க வேண்டியது ராஜினாமாவுக்கும் விருப்ப ஓய்வுக்கும் உள்ள வேறுபாடு. வெளியேறுவது ஒன்றுதான் என்றாலும் பலன் தலைகீழ். மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதும் கணக்கிலிருந்து போய்விடும். 20 வருஷத் தகுதிப் பணிக்காலத்தை முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் ஓய்வூதியம் நிற்காது. 20 வருஷம் முடித்தவர் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அதை விருப்ப ஓய்வாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்கு முன்பும், தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1-க்கு முன்பும் சேர்ந்தவர்கள்தான் பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்கள். கணக்குப் பார்த்தால், இடையில் பணிமுறிவு இல்லாதவர்கள் எல்லோரும் இன்றைக்கு 20 வருஷத்தைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் உலகம் சுற்றும் ஆசையில் "நான் ராஜினாமா செய்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால், அந்த ஒரு வரிக்கு வாழ்நாள் முழுக்க விலை கொடுக்க வேண்டியிருக்கும். கடிதத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதற்கு இவ்வளவு கனம் உள்ள இடம் வேறு இல்லை.

2004 ஜனவரி 1-இலிருந்து மத்திய அரசில் சேர்ந்து தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் பெயரில் சேர்ந்த பணம் அவர்களுடையதுதான், ஆனால் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. 60 வயதுக்கு முன்பே திட்டத்திலிருந்து வெளியேறினால், தொகை மிகச் சிறியதாக இருந்தாலொழிய, 80 சதவீதத்தை மாதாமாதம் பணம் தரும் ஆன்யுட்டியில்தான் போட வேண்டும். மிச்சம் 20 சதவீதம்தான் கைக்கு வரும். வேலையை விட்டாலும் கணக்கை மூடாமல் தொடரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயணச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பவர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

இன்னொன்று, அரசு ஊழியரின் ராஜினாமா ஏற்கப்பட்டால்தான் செல்லும். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மீனம்பாக்கம் போய் விமானம் ஏறினால் அது அனுமதியில்லாமல் பணிக்கு வராதது என்று ஆகிவிடும், ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி வைக்கும். பணியில் இருக்கும்போது பாஸ்போர்ட் எடுப்பதானால் துறையின் தடையின்மைச் சான்றோ, துறைக்கு முன்கூட்டித் தெரிவித்த கடிதமோ வேண்டும்.

தனியார் வேலைக்கு வருவோம். இங்கே பயப்பட வேண்டியது குறைவு, ஆனால் தேதிகள் முக்கியம். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி கிடைக்க 5 வருஷத் தொடர்ச்சியான பணி வேண்டும். கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தில் பணிக்கொடைக்குக் கணக்கில் வரும் தொகையை (முக்கியமாக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்க வேண்டும். மாதம் 40,000 ரூபாயும் 9 வருஷமும் என்றால் 2 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம். நாலே முக்கால் வருஷத்தில் சலித்துப்போய் பேப்பர் போடுகிறவர், அதாவது ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறவர், மூன்று மாதம் பொறுத்தால் இந்தத் தொகைக்குச் சண்டையே இருக்காது. (ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எல்லா நிறுவனமும் கேட்டதும் எடுத்துக் கொடுப்பதில்லை.)

பி.எஃப். விஷயத்தில் இரண்டு பணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொகை ஒன்று, ஓய்வூதியக் கணக்கில் போகும் தொகை இன்னொன்று. 10 வருஷம் முடிந்தால் 58 வயதிலிருந்து ஓய்வூதியம் உண்டு என்பதற்காகப் பல் கடித்து உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது எவ்வளவு என்று பார்க்கலாம். இதற்குக் கணக்கில் எடுக்கும் உச்சவரம்புச் சம்பளம் 15,000 ரூபாய். அதைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 10 வருஷத்துக்கு மாதம் 2,143 ரூபாய். வேண்டாத பணம் என்று சொல்ல மாட்டேன். அதற்காக ஒரு வருஷ வாழ்க்கையை ஒத்திப்போடத் தேவையில்லை என்று மட்டும் சொல்வேன். வைப்பு நிதித் தொகை வேலையை விட்ட பின்பும் வட்டி ஈட்டும், ஆனால் அந்த வட்டிக்கு வரி உண்டு. 5 வருஷத் தொடர்ச்சியான பணிக்கு முன்பே எடுத்தால் எடுக்கும் தொகைக்கே வரி வரும்.

நோட்டீஸ் பீரியட் 60 நாளோ 90 நாளோ முழுதாக முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு போவது கட்டாயம். திரும்பி வந்து வேலை தேடும்போது, "இடையில் ஒன்றரை வருஷம் எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்லிவிடலாம். பழைய கம்பெனியிலிருந்து காகிதம் இல்லை என்றால் எந்தப் பதிலும் எடுபடாது.

இனி அந்தப் பக்கத்துக் கதவு. இதுதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் விடப் பெரியது என்பது என் எண்ணம். கையில் 20 லட்சம் இருந்தாலும் விசா அனுமதிக்காத நாளில் ஒரு நாள் கூடத் தங்க முடியாது.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம். ஒரே விசாவில் போகக்கூடிய ஷெங்கன் நாடுகள் மொத்தத்துக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். பாரிசில் 45, ரோமில் 45 என்று முடித்துவிட்டால் ஸ்பெயினுக்குத் தனியாக 90 நாள் கிடைக்காது. விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. 2025 அக்டோபரிலிருந்து நுழைவதும் வெளியேறுவதும் கைரேகையோடும் முகப்படத்தோடும் கணினியில் பதிவாகத் தொடங்கியிருக்கிறது. முத்திரை மங்கலாக இருந்தது, அதிகாரி கவனிக்கவில்லை என்ற காலம் முடிகிறது. "ஒரு வருஷம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வரலாம்" என்பது சுற்றுலா விசாவில் நடக்காத காரியம்.

அந்த விசாவுக்கான ஆவணப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல். ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு நீங்கள் விடப்போகும் அந்த வேலைதான் பெரிய சாட்சி. வேலையை விட்ட மறுமாதம் விண்ணப்பித்தால் அந்தச் சாட்சி கையில் இருக்காது. வேலையில் இருப்பதாகக் காட்டி விசா வாங்கிவிட்டு, பயணத்துக்கு முன்பே வேலையை விட்டால் அதுவும் ஆபத்து. விசா கொடுத்த அடிப்படை மாறிவிட்டால் ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு, எல்லையிலேயே திருப்பி அனுப்பவும் முடியும். வேலை இல்லாதவர் என்று நேர்மையாகச் சொல்லி, சேமிப்பு, சொத்து, குடும்பப் பிணைப்பு ஆகியவற்றைக் காட்டி விண்ணப்பிப்பதே சரி. முதல் பயணத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டால் நிராகரிப்புக்கான வாய்ப்பு குறையும்.

மடிக்கணினியோடு போய் அங்கிருந்தே வேலை பார்ப்பேன் என்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். பொதுவாகச் சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. வாடிக்கையாளர் கிண்டியில் இருக்கிறார் என்பதால் அது மாறிவிடாது. அதற்கென்றே சில நாடுகள் தனி விசா வைத்திருக்கின்றன. எஸ்டோனியா 2020-லேயே தொடங்கியது. போர்ச்சுகல் கேட்பது அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம். தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த விசா 5 வருஷத்துக்குச் செல்லும், ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம், கையில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும், தாய்லாந்து நிறுவனத்தில் மட்டும் வேலை பார்க்கக் கூடாது. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இப்போதைக்கு எட்டக்கூடியது இது என்று தோன்றுகிறது. தூரம் குறைவு, செலவு கட்டுப்படி, அவசரம் என்றால் அன்றைக்கே ஊர் திரும்பிவிடலாம்.

இளைஞர்களுக்கு இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. 18 முதல் 30 வயது வரையுள்ள பட்டதாரிகளுக்கு பிரிட்டன் வருஷத்துக்கு 3,000 இடம் வைத்திருக்கிறது. குலுக்கலில் பெயர் வந்து, 2,530 பவுண்டு சேமிப்பும் காட்டினால், வேலை கையில் இல்லாமலே போய் இரண்டு வருஷம் இருக்கலாம், வேலையும் தேடலாம். ஆஸ்திரேலியாவும் 2024-இலிருந்து இந்தியர்களுக்கு வருஷம் 1,000 இடத்தைக் குலுக்கலில் தருகிறது. அதற்கும் 30 வயதுதான் எல்லை. இங்கே அந்த வயதில்தான் வீட்டில் ஜாதகக் கட்டு வெளியே வருகிறது. கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்தக் கதவு மறுபடி திறப்பதில்லை. பெற்றோரிடம் பேசும்போது இந்த வயது வரம்பை எடுத்துச் சொல்வது, சுதந்திரத்தைப் பற்றி வாதாடுவதை விட வேலை செய்யும்.

வேலை தேடுவதற்காகவே போகிறவர்களுக்கு ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் வாய்ப்பு அட்டை ஒன்றை வழங்குகிறது. படிப்பு, அனுபவம், வயது, மொழி ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டுக் குறைந்தது 6 வந்தால், ஒரு வருஷம் அங்கே தங்கித் தேடலாம், வாரம் 20 மணி நேரம் வேலையும் பார்க்கலாம். செலவுக்கு மாதம் 1,091 யூரோ வீதம் கையில் இருப்பதை 2025-இல் காட்டச் சொன்னார்கள். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனின் ஜெர்மன் மொழி வகுப்புகளுக்கு மாலையில் போகிறவர்கள் வேலையை விடுவதற்கு முன்பே இந்தப் பாதையில் கால் வைத்துவிட்டவர்கள். வேலையில் இருக்கும்போதே செய்து முடிக்கக்கூடிய தயாரிப்பு என்றால் மொழிதான். அதை விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவு படிகளையும் தாண்டி "விசிட் விசாவில் போங்க, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணினி வேலை என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மரிலும் கம்போடியாவிலும் லாவோசிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் விடப்பட்ட தமிழக இளைஞர்களை 2022-இலிருந்து அரசு மீட்டு வந்துகொண்டிருக்கிறது. பலர் படித்தவர்கள், கையில் வேலை இருந்தவர்கள். முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது.

பணமும் வரியும் சலிப்பூட்டும் சமாச்சாரம்தான், ஆனால் சுற்றுவது, தங்குவது, சம்பாதிப்பது மூன்றையும் குழப்பிக்கொள்வதன் விளைவு இங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். இரண்டு நண்பர்கள் ஜூலை 1-ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். இருவரும் அதுவரை இந்தியாவிலேயே இருந்தவர்கள், இருவரும் அடுத்த மார்ச் வரை திரும்பவில்லை. ஒருவர் வெளிநாட்டில் வேலைக்குப் போகிறார், மற்றவர் சுற்றிப் பார்க்கப் போகிறார். அந்த நிதியாண்டில் இருவரும் இங்கே இருந்தது சுமார் 90 நாள். வேலைக்குப் போனவருக்கு, இங்கே 182 நாள் இருந்தால்தான் வசிப்பவர் என்ற அளவுகோல், அதனால் அவர் வெளிநாடுவாழ் இந்தியர், அங்கே சம்பாதிப்பதற்கு இங்கே வரி இல்லை. சுற்றப் போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த ஆண்டில் 60 நாள், முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இருந்தால் அவர் இங்கே வசிப்பவர்தான். வழியில் எங்கோ உட்கார்ந்து சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயும் இந்திய வரிக்கு உட்படும். ஒரே விமானத்தில் ஏறினாலும் கணக்கு வேறு.

வங்கியிலும் இதே பிரிவு உண்டு. சுற்றிவிட்டுத் திரும்புகிறவரின் சேமிப்புக் கணக்கு அப்படியே இருக்கலாம். வேலைக்கோ, எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத அளவுக்கோ போகிறவர் அதை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பலரும் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள், அது அந்நியச் செலாவணி விதிக்கு முரண். இங்கிருந்து ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவதும் வெளியே அனுப்புவதும் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற பெயரில் முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார்கள். வரித் தாக்கலில் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் பயணத்தின் நடுவில் அந்தப் பணம் கைக்கு வராது. ஏற்கெனவே இருக்கும் பி.பி.எஃப். கணக்கை 15 வருஷம் முடியும்வரை தொடரலாம். வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டால் சொந்த ஊரில் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசாக வருவதற்குத் தடையில்லை.

வேளச்சேரி வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். வீட்டுக்காரர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சின்னத் தொகையானாலும் குடியிருப்பவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மிச்சத்தைத் தர வேண்டும். 25,000 ரூபாய் வாடகையில் 17,200 ரூபாய்தான் மாதாமாதம் வரும். கூடுதலாகப் பிடித்ததைப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வங்கி தவணைக்கு அதுவரை காத்திருக்காது. வீட்டை விற்கவோ பராமரிக்கவோ யாருக்காவது பவர் கொடுப்பதானால், கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதி முடிப்பது நல்லது. அங்கே போன பிறகு இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, இங்கே அனுப்பி, மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டுவது என்று அலைச்சல் கூடும்.

எல்லாவற்றையும் விட என் மனசில் நிற்பது பெற்றோரின் மருத்துவக் காப்பீடு. சென்னையில் எத்தனையோ வீடுகளில் அப்பாவின் சர்க்கரைக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் பிள்ளையின் கம்பெனி போட்ட குழுக் காப்பீடுதான் துணை. சம்பளச் சீட்டில் ஒரு வரியாகப் போய்விடுவதால் அதன் மதிப்பு யாருக்கும் தெரிவதில்லை. வேலையின் கடைசி நாளோடு அந்தப் பாதுகாப்பும் நின்றுவிடும். அதன் பிறகு 65 வயதில் புதிதாகப் பாலிசி எடுத்தால் பிரீமியம் கூடும் என்பது மட்டுமில்லை, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். பிள்ளை ஊர் சுற்றும் அதே 3 வருஷம்.

வழி இல்லாமல் இல்லை. குழுக் காப்பீட்டிலிருந்து வெளியேறும்போது, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் இடம் தருகின்றன. அப்படி மாறினால் குழுவில் இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழியும். பாலிசி தருவதும் பிரீமியத்தை நிர்ணயிப்பதும் நிறுவனத்தின் முடிவு. ஆனால் விண்ணப்பம் குழுவில் இருக்கும்போதே போக வேண்டும். ஆகவே பேப்பர் போட்ட அன்றே எச்.ஆர். பிரிவிடம் காப்பீட்டு நிறுவனத்தின் தொடர்பை வாங்கி, பெற்றோரின் வயதுச் சான்றையும் மருத்துவ அறிக்கைகளையும் சேர்த்து அனுப்பி, புதிய பாலிசி எண் வந்த பிறகு டிக்கெட் போடலாம். கூடவே அப்பாவின் வங்கிக் கணக்கில் இன்னொருவர் பெயரும் சேர்ந்திருக்கிறதா, நள்ளிரவில் மருத்துவமனையில் கையெழுத்துப் போட அக்காவோ பக்கத்துத் தெரு அத்தையோ ஒப்புக்கொண்டிருக்கிறார்களா, பாலிசி அட்டையின் நகல் அவர்கள் போனிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 90 நாள் நோட்டீஸ் பீரியட் இதற்கெல்லாம் போதுமான அவகாசம்.